எடை இறங்கியாயிற்று, அடுத்து என்ன?

பார்த்திபனூரிலிருந்து கமுதிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அபிராமம். மழையை நம்பிய நெல், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், திரும்பிய பக்கமெல்லாம் சீமைக் கருவேலம் என்று கிடக்கும் மானாவாரி பூமி. இந்தப் பக்கம் ஒருவர் ஏழெட்டுக் கிலோ இறங்கித் தெருவில் நடந்தால் உடனே பாராட்டு வந்துவிடாது. "என்ன மாப்ளே, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு, சுகர் வந்துருச்சா?" என்றுதான் கேள்வி வரும்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. கண்மாய் பெருகாத வருஷங்களில் கேப்பைக் கூழும் கம்பங்கஞ்சியும் கிடைத்தாலே நிம்மதி என்றிருந்த ஊர்கள் இவை. விறகு வெட்டுவது, கரிமூட்டம் போடுவது, தலைச்சுமையாகத் தண்ணீர் எடுப்பது என்று விடிந்தது முதல் உடம்பு வேலைதான். மெலிவு என்றால் பட்டினி அல்லது நோய். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் கடையிலோ கணினி முன்னோ உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் மோட்டார் பைக் வந்துவிட்டது, மாவரைக்க இயந்திரம் வந்துவிட்டது. சோற்றின் அளவு மட்டும் வயல்வேலைக் காலத்தில் இருந்தபடியே நிற்கிறது.

கணக்கும் அதையே சொல்கிறது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையுடன் இருந்தார்கள். 2019-21 கணக்கெடுப்பில் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. அதே கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எடை கூடிய உடம்பும் சத்துக் குறைந்த உடம்பும் ஒரே வீட்டில், பல நேரம் ஒரே ஆளிடம் இருக்கின்றன. சர்க்கரையைப் பொறுத்தவரை, 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆரின் 'இந்தியாப்' ஆய்வு தமிழகத்தில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. நாட்டின் சராசரி 11.4.

ஆகவே எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்துவது இன்று சாதாரணம். நடந்து, சீனியை விட்டு, இரவுச் சோற்றைப் பாதியாக்கிப் பலர் குறைத்தும் விடுகிறார்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. இன்னும் இறக்க வேண்டுமா? இதே எடையில் நிற்க வேண்டுமா? அல்லது எடையை விட்டுவிட்டு, கொழுப்பைக் கரைத்துத் தசையைக் கூட்டும் வேலையில் இறங்க வேண்டுமா? இந்த மூன்றாவதை உடற்பயிற்சிக் கூடப் பையன்கள் 'ரீகாம்ப்' என்கிறார்கள். எடை இயந்திரத்தில் முள் அசையாது. உடம்பின் அமைப்பு மாறும்.

முதலில் அந்த எடை இயந்திரத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி இழந்தார். அதே ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமன் ஷெராவத், அரையிறுதி முடிந்த இரவில் சுமார் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கியதாகச் செய்தி வந்தது. ஒரு ராத்திரியில் நாலரைக் கிலோ கொழுப்பு கரைய முடியாது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் அதைக் கரைக்க இரண்டு வாரம் ஆகும். மல்யுத்த வீரர் இறக்கியது பெரும்பாலும் நீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைக்கப்படும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்குவதும், ஒரு கல்யாண வீட்டுப் பிரியாணிக்குப் பின் ஒரு கிலோ ஏறுவதும் அந்த நீரின் போக்குவரத்துதான். பங்குனி, சித்திரை வெயிலில் ராமநாதபுரம் மாவட்டத்தில் வேர்த்து ஊற்றி இறங்கும் எடையும் அதே கணக்கில்தான் சேரும்.

ரமலான் மாதம் இதற்கு நல்ல சான்று. நோன்பு மாத எடை மாற்றத்தைப் பற்றிய பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வறிக்கை, சராசரியாக ஒன்றேகால் கிலோ குறைகிறது என்றும், பெருநாள் கழிந்த சில வாரங்களுக்குள் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்றும் கண்டது. நோன்பின் நோக்கம் எடைக் குறைப்பு அல்ல. ஆனால் நோன்பு முடிந்து எடை பார்த்து மகிழ்பவரும், அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தில் பார்த்து வருந்துபவரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எடை இயந்திரத்தின் இரண்டாவது குறை நம்மவர் உடலமைப்போடு சம்பந்தப்பட்டது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டனின் மருத்துவ ஆய்வாளர் ஜான் யட்கின் இருவரும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. சரியாக 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். உயரத்துக்கு ஏற்ற எடை என்ற அளவில் இரட்டையர்கள். உள்ளே ஒருவரிடம் இன்னொருவரைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். புணே வட்டாரக் கிராமங்களில் பிறக்கும் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தையிடம் தசையும் உறுப்புகளும் குறைவு. தோலுக்கடியில் உள்ள கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை.

கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக இருக்கும் உடம்பை நம் தெருவில் எங்கும் பார்க்கலாம். சட்டையை இன் பண்ணினால்தான் தெரியும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கைப் புள்ளிகளாக 2004இல் பரிந்துரைத்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் 25க்கு மேல் உடற்பருமன் என்று வரையறுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லை வைத்தார்கள். 2025 ஜனவரியில் எய்ம்ஸ் மருத்துவர்களும் இடம்பெற்ற குழு அந்த வரையறையையும் திருத்தியது. பி.எம்.ஐ. 23ஐத் தாண்டியது மட்டுமே என்றால் முதல் நிலை. வயிற்றுக் கொழுப்பும், அதனால் மூட்டுவலி, மூச்சிரைப்பு, நீரிழிவு போன்ற கோளாறும் சேர்ந்திருந்தால் இரண்டாம் நிலை. எண்ணைவிட, அந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது, என்ன கெடுதல் செய்கிறது என்பதுதான் முக்கியம் என்ற பக்கம் மருத்துவ உலகம் நகர்ந்திருக்கிறது.

வீட்டில் இதை அளக்க ஒரு கயிறு போதும். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்து, அந்தக் கயிற்றைப் பாதியாக மடித்து, தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்ற வேண்டும். முனைகள் எட்டினால் நல்லது. எட்டவில்லை என்றால் வயிற்றில் இன்னும் கொழுப்பு இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2022 முதல் இதே விதியைத்தான் பொதுமக்களுக்குச் சொல்கிறது: இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். அரைஞாண் கயிறு வருஷத்துக்கு வருஷம் இறுகுவதை நம் பாட்டிமார் கவனித்தே வந்தார்கள்.

இனி முதல் வழி: இன்னும் இறக்குவது. இதற்கு வலுவான காரணம் புதிதாக வந்த நீரிழிவு. பிரிட்டனில் மைக் லீன், ராய் டெய்லர் இருவரும் நடத்திய 'டைரக்ட்' ஆய்வில், நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் தினம் சுமார் 850 கலோரி கொண்ட திரவ உணவு மட்டும் கொடுக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். 'அது குண்டானவர்களுக்குத்தானே' என்ற கேள்விக்கும் டெய்லர் பதில் தேடினார். பி.எம்.ஐ. 27க்குக் கீழே இருந்த 20 நீரிழிவுக்காரர்களைச் சராசரியாகப் பத்து சதவீதம் எடை குறைக்க வைத்தபோது 14 பேருக்கு நோய் பின்வாங்கியது. கல்லீரலும் கணையமும் தாங்கக்கூடிய கொழுப்பின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. ஒல்லியானவரும் தன் அளவைத் தாண்டியிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. யாஜ்னிக்கின் படத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் நம் ஊர் வயிறுகளின் கதை புரியும்.

ஆனால் இறக்குவதற்கு ஒரு விலை உண்டு. வெறும் பட்டினியால் இறங்கும் எடையில் கணிசமான பங்கு தசையிலிருந்து போகிறது. அமெரிக்காவில் டென்னிஸ் வில்லாரியல் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில் உடற்பருமனுள்ள முதியவர்கள் 160 பேர் இருந்தார்கள். எடை குறைத்த மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் இறக்கினார்கள். நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத உடற்பகுதியில் ஐந்து சதவீதத்தை இழந்தார்கள். எடை தூக்கும் பயிற்சி செய்தவர்கள் இரண்டு சதவீதம். இரண்டையும் செய்தவர்கள் மூன்று. உடல் இயங்கும் திறனில் அதிகம் முன்னேறியவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள். காலையில் நடை மட்டும் போய்விட்டு 'எடை குறைந்தது' என்று மகிழ்பவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

உடம்பு சும்மா விட்டுக்கொடுப்பதும் இல்லை. கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கணக்குப்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை சுருங்குகிறது. பசியோ சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. பத்துக் கிலோ குறைத்தவருக்குப் பசி தினமும் ஆயிரம் கலோரி அளவுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும் என்று அர்த்தம். 'பிக்கஸ்ட் லூசர்' தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அவர் பரிசோதித்தார். சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தி, அவர்களுடைய உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட 500 கலோரி குறைவாகவே நின்றது. மீண்டும் எடை போட்டவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று சொந்தக்காரர்கள் பேசுவது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னும் கவலை தருவது திரும்ப ஏறும் எடையின் தன்மை. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் காலத்தில் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். உடல் எடையில் கால்வாசி போயிற்று. பிறகு வயிறாரச் சாப்பிட விட்டபோது கொழுப்பு முதலில் திரும்பி, பழைய அளவையும் தாண்டியது. தசை பின்தங்கியே வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கல்யாணத்துக்காகவும் பெருநாளுக்காகவும் பட்டினி கிடந்து ஏழு கிலோ குறைத்து, எட்டு கிலோ ஏற்றிக்கொள்பவர், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தசையைக் கொடுத்துக் கொழுப்பை வாங்கிக்கொள்ளும் ஆபத்தில் இருக்கிறார். ஏற்கெனவே தசை குறைந்த இனத்தவருக்கு இந்த வியாபாரம் கட்டாது.

இரண்டாவது வழி, இருக்கும் எடையில் நிற்பது. இதைத் தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அந்த நினைப்பை உடைக்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பொருளைப் பற்றி நடந்த வேலைகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. தனி ஆலோசனை தரப்படாத குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினம் அரைமணி நேரம் விறுவிறுப்பாக நடக்கவும், சீனியையும் தீட்டிய மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைக்கவும், நார்ச்சத்தைக் கூட்டவும் சொல்லப்பட்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. ஆபத்து 28.5 சதவீதம் குறைந்திருக்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், அவர்களுடைய எடையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

இதற்கு நான்கு ஆண்டு முன்பு அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த இதே மாதிரியான ஆய்வில் ஏழு சதவீத எடைக் குறைப்பு இலக்காக வைக்கப்பட்டது. ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டை போடத் தேவையில்லை. எடை குறைந்தால் கூடுதல் பலன் உண்டு, சரி. ஆனால் எடை குறையாவிட்டாலும் நடையும் சாப்பாட்டு மாற்றமும் உடம்புக்குள் வேலை செய்கின்றன. மூன்று மாதம் நடந்தும் முள் அசையவில்லை என்று நடையை விட்டுவிடுபவர், கிடைத்துக்கொண்டிருக்கும் பாதுகாப்பைத் தெரியாமல் தூக்கி எறிகிறார். இந்த ஒரு செய்தி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் எழுதப்பட வேண்டியது.

நிற்பது என்றால் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறங்கிய உடம்புக்குப் பழைய அளவு தேவைப்படாது. 70 கிலோ ஆனவர் 80 கிலோவில் சாப்பிட்டதைச் சாப்பிட்டால் 80க்குத்தான் போவார். பெரிதாக இறக்கிய பிறகு மூன்று மாதமாவது அதே எடையில் நின்று, புதிய அளவைப் பழக்கமாக்கிக்கொண்டு, அப்புறம் வேண்டுமானால் அடுத்த இறக்கத்தை யோசிப்பது நல்லது. ஊருக்கு விடுமுறையில் வந்திருக்கும் இரண்டு மாதமும், பெருநாளும் விசேஷமும் வரிசை கட்டும் மாதமும் இறக்குவதற்கான காலம் அல்ல. ஏறாமல் பார்த்துக்கொண்டாலே அது வெற்றி.

மூன்றாவது வழிக்கு வருவோம். கொழுப்பு தசையாக மாறுவதில்லை. இரண்டும் தனித்தனி வேலை: ஒன்று கரைய வேண்டும், மற்றொன்று வளர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்குமா என்ற சந்தேகத்துக்குக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016இல் ஒரு பதில் கொடுத்தது. 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைந்த கலோரி, வாரத்தில் ஆறு நாள் கடும் பயிற்சி. உடல் எடை ஒரு கிலோவுக்குத் தினம் 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பல்லாத உடற்பகுதியில் 1.2 கிலோ கூட்டினார்கள். அதில் பாதிப் புரதம் சாப்பிட்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள். மற்றப் பகுதி ஏறக்குறைய அப்படியே நின்றது.

அந்தக் கடுமை எல்லோருக்கும் வேண்டியதில்லை. பயிற்சியே செய்திராதவர், வயிற்றில் கொழுப்பும் கையில் பலவீனமும் உள்ளவர், நீண்ட காலம் விட்டுவிட்டுத் திரும்ப வருபவர் ஆகியோருக்கு இந்த மாற்றம் எளிதாகவே நடக்கும். பல வருஷம் தூக்கிப் பழகிய, ஏற்கெனவே ஒட்டிய வயிறுள்ளவருக்குத்தான் கடினம். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் ஆகப் பெரும்பாலோருக்கு இது ஏற்ற வழி. வயதும் தடையில்லை. 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லத்தவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களுக்கு இந்தக் கலையின் அடிப்படை தெரிந்தே இருந்தது. சின்னக் கல்லில் தொடங்கி, அது லேசாகத் தெரிந்தபின் பெரிய கல்லுக்குப் போவார்கள். இன்றைய பயிற்சி விதியும் அதுவே: சுமை படிப்படியாகக் கூட வேண்டும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், தண்ணீர் நிரப்பிய குடத்தை இரு கையிலும் தூக்கிக்கொண்டு நடப்பது என்று வீட்டிலேயே தொடங்கலாம். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் உறுதிசெய்த அளவு. தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது நல்ல காரியம். அதன் வழியிலேயே தொங்கவும் தூக்கவும் நாலு கம்பிகளும் கற்களும் இருந்தால் பாதி வேலை முழு வேலையாகும்.

சாப்பாட்டில்தான் உண்மையான சிக்கல். சென்னையின் 'க்யூர்ஸ்' ஆய்வு, நகரத்தவர் சாப்பிடும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து வருவதாகக் கண்டது. காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை: மூன்றும் ஒரே அரிசி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுப்படி சாதாரண ஆளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம் தேவை. தசை வளர்க்க நினைப்பவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பயன்படும், 1.6ஐத் தாண்டினால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்று 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

60 கிலோ ஆளுக்கு அது 72 முதல் 96 கிராம். டப்பா பவுடர் வாங்கித்தான் இதை எட்ட வேண்டும் என்பதில்லை. புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்லித்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாத வழிகாட்டியில் எழுதியது. இரண்டு முட்டையில் 12 கிராம், 150 கிராம் மீனில் ஏறத்தாழ 28, ஐம்பது கிராம் பருப்பில் 11, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, ஒரு தம்ளர் பாலில் 6, அன்றாட அரிசியிலிருந்து 15. கூட்டினால் எண்பதை ஒட்டி வந்துவிடும். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் இரு பக்கம் இருக்கும் மாவட்டத்தில் சூடையும் நெத்திலியும் கணவாயும் அரிய பொருளல்ல. மீன் துண்டு ஒன்றும் சோறு மலையுமாக இருக்கும் தட்டில் அளவை மாற்றினாலே போதும். கருவாட்டிலும் புரதம் ஏராளம், ஆனால் உப்பும் ஏராளம். ரத்த அழுத்தம் உள்ளவர் அளவோடு நிற்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் இப்போது வந்துவிட்டன. டிர்செபடைடு 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாகுளுடைடு ஊசி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளுடைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை இறங்கியது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. இறங்கிய எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத பகுதி. மருந்து பசியை அடக்கும், தசையைக் காக்காது. ஊசி போட்டாலும் தூக்கும் பயிற்சியும் புரதமும் வேண்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி முடிவெடுப்பது? சிலரைக் கற்பனை செய்துபார்க்கலாம். வளைகுடாவிலிருந்து திரும்பியிருக்கும் 42 வயதுக்காரர், உயரம் 168 சென்டிமீட்டர். 78 கிலோவிலிருந்து 70க்கு வந்துவிட்டார். பி.எம்.ஐ. 24.8. ஆனால் இடுப்பு 94, சர்க்கரை விளிம்பில். இவருக்கு இறக்க வேண்டியது கொழுப்பு மட்டும். தினம் 200, 300 கலோரி மட்டும் குறைத்து, வாரம் மூன்று நாள் தூக்கும் பயிற்சியும் தினசரி நடையும் சேர்த்தால், ஆறு மாதத்தில் எடை இரண்டு மூன்று கிலோ குறைந்தாலும் குறையாவிட்டாலும் இடுப்பு இறங்க வேண்டும். அதுதான் அவருக்கான அளவுகோல். போன வருஷம் சர்க்கரை வந்து, இன்னும் 85 கிலோவில் இருக்கும் அவருடைய தம்பிக்கு அந்த நிதானம் போதாது. மருத்துவர் மேற்பார்வையில், மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு, துணிந்து பத்துப் பதினைந்து கிலோ இறக்குவதே அவருக்கு நல்லது. தானாக மாத்திரையோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கி மயக்கம் வரலாம்.

152 சென்டிமீட்டர் உயரமும் 54 கிலோ எடையும் உள்ள 35 வயதுப் பெண்ணுக்கு பி.எம்.ஐ. 23.4. புது வரையறைப்படி எல்லையைத் தாண்டியவர். ஆனால் இடுப்பு 75, ஹீமோகுளோபின் 9.5. இவரை 'நாலு கிலோ குறை' என்று அனுப்புவது கொடுமை. வீட்டில் எல்லோருக்கும் மீனை வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடும் பழக்கம் முதலில் மாற வேண்டும். எடையை விட்டுவிட்டு ரத்தத்தையும் தசையையும் கூட்டுவதுதான் இவருக்கு மருத்துவம்.

பதினைந்து ஆண்டாகச் சர்க்கரையோடு இருக்கும் 66 வயதுப் பெரியவர் இன்னொரு ரகம். எடை குறைந்துகொண்டே வருவதை அவரே 'கட்டுப்பாடு' என்று நினைக்கலாம். ஆசிய முதியோர் தசைநலக் குழு 2019இல் கொடுத்த சோதனை எளிது: கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை தேய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் இறக்கம் உடனே நிற்க வேண்டும். யாராக இருந்தாலும், முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் உடல் எடையில் ஐந்து சதவீதம் போனால் அது சாதனையல்ல; காசநோய், கட்டுக்கடங்காத சர்க்கரை, புற்று என்று தேடிப் பார்க்க வேண்டிய அறிகுறி. தெருவில் "சுகர் வந்துருச்சா" என்று கேட்கிறார்களே, அந்த இடத்தில் அவர்கள் கேட்பது சரி.

ஆக, எடை இயந்திரம் நாலாவது சாட்சிதான். இடுப்புச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை, உடம்பின் பலம் ஆகிய மூன்றும் அதற்கு முன்னால் நிற்க வேண்டும். இடுப்பு எல்லையைத் தாண்டி, ரத்தத்தில் கோளாறும் இருந்தால் இறக்குவது தொடரட்டும், தூக்கும் பயிற்சியோடு. இடுப்பு எல்லைக்குள் வந்து பலம் குறைந்திருந்தால் எடையை நிறுத்திவிட்டுத் தசைக்குப் போக வேண்டும். மூன்றும் நன்றாக இருந்தால், முள் எந்த எண்ணில் நின்றாலும் அங்கேயே இருக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது, இடுப்பையும் அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவரை நாற்காலியில் உட்கார்ந்து எழவைத்து வினாடி எண்ணச் சொல்லுங்கள். ஒரு நாடாவும் ஒரு கைக்கடிகாரமும் தவிர அரசுக்கு இதில் வேறு செலவில்லை. சுகாதாரத் துறை இந்த இரண்டு அளவையும் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.